நோய்க்கிருமிகள் நம் செல்களிடம் என்ன சொல்கின்றன?



காலில் முள் தைத்து அந்தப் புண் பழுத்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் தொடை இடுக்கில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படும். தொட்டால் வலிக்கும். "நெறி கட்டியிருக்கு, புண்ணுக்கு மருந்து போடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தொண்டைப் புண் வந்தால் இதே நெறி தாடைக்குக் கீழே கட்டும். கையில் புண் என்றால் அக்குளில் கட்டும்.

புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் ஏன் இன்னோர் இடத்தில் வருகிறது?

நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் ஓடுவதுபோல நிணநீர்க் குழாய்கள் என்று இன்னொரு வகையும் ஓடுகின்றன. அவற்றின் நடுநடுவே அவரைக் கொட்டை வடிவத்தில் நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. புண்ணில் கிருமி புகுந்ததும், அங்கிருக்கும் கிளைச்செல்கள் கிருமியின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள முடிச்சுக்குப் போகின்றன. முடிச்சில் தங்கியிருக்கும் டி செல்கள், பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அந்தத் துண்டைப் பார்க்கின்றன. இந்தக் கிருமிக்குப் பொருத்தமான செல் எதுவோ அது இரண்டாகி, நான்காகி, ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. முடிச்சு வீங்குகிறது. அதுதான் நெறி.

நெறி கட்டினால் பயந்துவிடாதீர்கள். உள்ளே செல்கள் சேதி பரிமாறி, கூடி வேலை செய்கின்றன என்பதற்கு அது அடையாளம். நாள் கணக்கில் வற்றாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செல்களுக்கு இடையே நடக்கும் இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம். சில வைரஸ்களும் ஒட்டுண்ணிகளும் இந்தப் பேச்சில் குறுக்கிட்டு அதையே மாற்றிவிடுகின்றன. எப்படி மாற்றுகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கதை, எந்தத் துப்பறியும் கதைக்கும் குறைந்ததில்லை.

முள்ளைச் சூழ்ந்த செல்கள்

1882-ஆம் ஆண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற கடலோர ஊர். ரஷ்ய நாட்டு விலங்கியலாளர் எலி மெச்னிகாஃப் அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சுகளை. அவற்றின் உடம்பு கண்ணாடியைப் போல ஊடுருவித் தெரியும். உள்ளே சில செல்கள் தாமாக ஊர்ந்து திரிவதை அவர் கவனித்தார்.

இந்தச் செல்கள் உடம்பைக் காக்கும் வேலையைச் செய்கின்றனவோ என்று அவருக்குத் தோன்றியது. அப்படியானால் உடம்புக்குள் அந்நியப் பொருள் ஒன்று வந்தால் அவை அதைத் தேடிப் போக வேண்டுமே! தோட்டத்திலிருந்து சில ரோஜா முள்களைப் பறித்துவந்து அந்தக் குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார். அன்றிரவு ஆவலில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஊர்ந்து திரிந்த செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன!

கிருமிகளைப் பிடித்து விழுங்கிச் செரிக்கும் இந்தச் செல்களை நாம் விழுங்கணுக்கள் என்கிறோம். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1908-இல் மெச்னிகாஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமிகளைப் பற்றிக்கொள்ள நம் உடம்பு சுரக்கும் எதிர்ப்பொருள்கள் என்ற புரதங்களைப் பற்றி ஆராய்ந்த ஜெர்மானியர் பால் எர்லிக்கும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாயில்லாமல் பேசுவது எப்படி?

முள் இருக்கும் இடம் அந்தச் செல்களுக்கு எப்படித் தெரிந்தது? செல்லுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. அடிபட்ட செல்லோ, கிருமியைக் கண்ட செல்லோ சில சிறு புரதங்களைச் சுரந்து வெளியே விடும். அவற்றுக்கு சைட்டோகைன்கள் என்று பெயர். முன்பு ஊர்களில் தண்டோரா போடுவார்கள் அல்லவா? ஒருவர் பறையடித்துச் சொன்னால் கேட்ட எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். சைட்டோகைன் அந்த மாதிரிதான். எந்தச் செல்லிடம் அதற்குப் பொருந்தும் ஏற்பி இருக்கிறதோ அந்தச் செல்லுக்குச் சேதி போய்ச் சேரும்.

சேதிகள் பல வகை. "இங்கே வா", "பெருகு", "விழுங்கியதைக் கொல்" என்பவை ஒரு வகை. "போதும், நிறுத்து" என்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை ரொம்ப முக்கியம். கிருமியைக் கொல்லச் செல்கள் சுரக்கும் நச்சுப் பொருள்கள் நம் சொந்த உடம்பையும் புண்ணாக்கும். வேலை முடிந்ததும் நிறுத்தச் சொல்ல யாராவது வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கட்டுப்படுத்தும் டி செல்களை 1995-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், இதே துறையில் உழைத்த அமெரிக்க விஞ்ஞானிகள் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய் தீர்ந்த பிறகு, பெருகிய செல்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். சில மட்டும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இவை நினைவுச் செல்கள். அதே கிருமி மறுபடியும் வந்தால் இவை உடனே வேலையில் இறங்கிவிடும். தடுப்பூசி போடுவதே இந்த நினைவுச் செல்களை உண்டாக்கத்தான்.

ஆக, மூன்று விஷயங்கள்: விழுங்கிக் கொல்வது, நினைவில் வைப்பது, வேலை முடிந்ததும் அடங்குவது. ஒரு ஒட்டுண்ணி முதலாவதைக் கெடுக்கிறது. ஒரு வைரஸ் இரண்டாவதை அழிக்கிறது. ஒரு புழு மூன்றாவதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விழுங்கிய செல்லிலேயே குடியிருப்பு

முதல் ஒட்டுண்ணியின் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

நூறு ஆண்டுகளுக்கும் முன் இந்தியாவின் பல பகுதிகளில் காலா அசார் என்ற காய்ச்சல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. வாரக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். உடம்பு இளைத்து, ரத்தம் குறைந்துபோகும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. 1903-இல் இரண்டு மருத்துவர்கள், தனித்தனியாக, ஒரே விடையைக் கண்டார்கள். ஒருவர் இங்கிலாந்தில் இருந்த வில்லியம் லீஷ்மன். இன்னொருவர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன். நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களில் முட்டை வடிவத்தில் மிகச் சிறிய உயிர்கள் தென்பட்டன. கொசுவின் வழியாக மலேரியா பரவுவதைக் கண்ட ரொனால்டு ராஸ், இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வைத்தார்.

கொசுவைவிடச் சிறிய மணல் ஈ கடிக்கும்போது இந்த ஒட்டுண்ணி உடம்புக்குள் வருகிறது. கடிபட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். அவை ஒட்டுண்ணியை விழுங்குகின்றன. நியூட்ரோஃபிலின் ஆயுள் மிகக் குறைவு. அது இறந்ததும் பெரிய விழுங்கணுக்கள் வந்து அதையும், அதிலிருந்து வெளியே வந்த ஒட்டுண்ணிகளையும் விழுங்குகின்றன.

இனிமேல்தான் வியப்பு. விழுங்கணு தான் விழுங்கியதை ஒரு சிறு பையில் அடைத்து, அதில் அமிலத்தையும் செரிக்கும் நொதிகளையும் கொட்டும். சாதாரணக் கிருமி அதில் கரைந்துபோகும். லீஷ்மேனியாவோ தன் நீண்ட இழையை உள்ளிழுத்து, உருண்டையான முட்டை வடிவத்துக்கு மாறி, அந்த அமிலத்திலேயே பெருகத் தொடங்குகிறது!

டி செல்கள் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனைச் சுரந்து, "உள்ளே இருப்பதைக் கொல்" என்று விழுங்கணுவுக்குச் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதி கிடைத்தால் விழுங்கணு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கி ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். ஆனால் லீஷ்மேனியாவிடம் ஜிபி63 என்று ஒரு நொதி இருக்கிறது. அது விழுங்கணுவுக்குள் இருக்கும் சில புரதங்களை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட புரதங்கள், சேதி உள்ளே போகும் வழியை அணைத்துவிடுகின்றன. டி செல் சொல்கிறது, விழுங்கணுவுக்குக் கேட்கவில்லை.

"அப்படியென்றால் நோயாளி பிழைக்கவே முடியாதா?" என்று கேட்பீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் காலா அசார் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். 1920-களின் தொடக்கத்தில் கொல்கத்தா மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, மின்சார வசதிகூட இல்லாத ஒரு சிறு அறையில் உழைத்து யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன.

பின்னால் வந்த ஒரு மருந்து இன்னும் அழகானது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்து எடுக்கப்பட்டது. லீஷ்மேனியாவை அது கொல்லும். ஆனால் சிறுநீரகத்தையும் வருத்தும். விஞ்ஞானிகள் அந்த மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து ரத்தத்தில் செலுத்தினார்கள். ரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்புக் குமிழியைக் கண்டால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் விழுங்கணுக்கள் என்ன செய்யும்? விழுங்கும்! ஒட்டுண்ணி எங்கே ஒளிந்திருக்கிறதோ, மருந்தும் நேரே அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஒட்டுண்ணி நுழைந்த வழியாகவே அதற்கான மருந்தையும் நுழைத்துவிட்டார்கள். ஒரே ஒரு தடவை ஏற்றினால் போதும் என்கிற அளவுக்கு இந்தச் சிகிச்சை வளர்ந்தது. 2023-இல் வங்கதேசம், காலா அசார் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்ற முதல் நாடானது.

நினைவை அழிக்கும் வைரஸ்

அடுத்து வைரஸ். தட்டம்மை என்று பள்ளிப் புத்தகம் சொல்லும், மணல்வாரி என்று ஊரில் சொல்வார்கள், இலங்கையில் சின்னமுத்து. காய்ச்சல், இருமல், சிவந்த கண்கள், பிறகு உடம்பெங்கும் மணலை வாரி இறைத்தாற்போலத் தடிப்புகள்.

தொற்றுவதில் இதை மிஞ்ச வேறு நோய் அரிது. நோயாளி ஓர் அறையை விட்டு வெளியேறி 2 மணி நேரம் வரைக்கும்கூட அந்த அறையின் காற்றில் வைரஸ் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும்.

இதில் ஒரு மர்மம் நெடுங்காலமாக இருந்தது. வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, காசநோய்க் கிருமி ஒருவர் உடம்பில் முன்பே புகுந்திருக்கிறதா என்று தோலில் சோதிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். கிருமியை அறிந்த உடம்பு என்றால் சோதித்த இடம் சிவந்து தடிக்கும். 1908-இல் அவர் ஒன்றைக் கவனித்தார். முன்பு தடித்துச் சிவந்த குழந்தைகளுக்கே, தட்டம்மை கண்ட நாட்களில் தோல் தடிக்கவில்லை. காசநோய்க் கிருமியைத் தெரிந்துவைத்திருந்த உடம்பு, திடீரென்று தெரியாததுபோல நடந்துகொண்டது. ஒரு வைரஸ் நம் நோய் எதிர்ப்பை அடக்குகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் இது ஒன்று.

காரணம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வைரஸ் செல்லுக்குள் புக, அந்தச் செல்லின் மேல் அதற்குப் பிடிமானம் வேண்டும். தட்டம்மை வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்தின் பெயர் ஸ்லாம். அது எந்தச் செல்களின்மேல் இருக்கிறது தெரியுமா? விழுங்கணுக்கள், கிளைச்செல்கள், டி செல்கள், பி செல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நினைவுச் செல்கள்! மூச்சோடு உள்ளே போன வைரஸை, நுரையீரலில் இருக்கும் விழுங்கணுக்களும் கிளைச்செல்களும் வழக்கம்போலப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. வைரஸ் போக வேண்டிய இடமும் அதுதான். முடிச்சில் கூடியிருக்கும் நினைவுச் செல்கள் ஆயிரக்கணக்கில் தொற்றுக்கு ஆளாகின்றன.

உடம்பு விடுவதில்லை. தட்டம்மையை எதிர்க்கும் புதிய டி செல்கள் பெருகி, வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. தோலில் தெரியும் தடிப்புகூட அந்த வேலையின் அடையாளம்தான். ஆனால் கொல்லப்படும் செல்களில் நம் நினைவுச் செல்களும் இருக்கின்றனவே! சின்ன வயதிலிருந்து சளிக் கிருமி, வயிற்றுப்போக்குக் கிருமி, நிமோனியாக் கிருமி என்று ஒவ்வொன்றையும் சந்தித்துச் சேர்த்த நினைவு அவற்றோடு போய்விடுகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை பழையபடி ஏறிவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் புதிதாக வந்த செல்களில் பலவற்றுக்குத் தட்டம்மை மட்டும்தான் தெரியும்.

இதை எண்ணிக்கையாகக் காட்ட முடியுமா? 2015-இல் மைக்கேல் மினாவும் அவரது சக ஆய்வாளர்களும் இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தட்டம்மை பரவிய பிறகு, இரண்டு மூன்று ஆண்டுகள் வரை, பிற தொற்றுநோய்களாலும் குழந்தைகள் அதிகமாக இறந்திருந்தார்கள். 2019-இல் மினாவும் ஹார்வர்டின் ஸ்டீபன் எலெட்ஜும் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தம், தட்டம்மை வருவதற்கு முன்பும் வந்து போன பின்பும் எடுக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான வைரஸ்களின் புரதத் துண்டுகளை அந்த ரத்தத்தோடு சேர்த்து, எவற்றுக்கெல்லாம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். தட்டம்மைக்குப் பிறகு, குழந்தைக்குக் குழந்தை மாறுபட்டு, முன்பிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன!

தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது தட்டம்மையை நினைவில் பதிக்கிறது. மற்ற நினைவுகளை அழிப்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1954-இல் ஒரு 13 வயதுப் பள்ளி மாணவனின் ரத்தத்திலிருந்து ஜான் எண்டர்ஸ் குழுவினர் பிரித்தெடுத்த வைரஸிலிருந்துதான் அந்தத் தடுப்பூசி பிறந்தது. 1963-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை சுமார் 1,07,500. பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தடுக்கக்கூடிய நோயால் இத்தனை குழந்தைகள் இன்னும் இறக்கிறார்கள் என்பது நம் எல்லாரையும் வருத்த வேண்டிய செய்தி.

"போதும்" என்று சொல்லும் புழு

மூன்றாவது, யானைக்கால் நோயைத் தரும் உச்செரேரியா என்ற புழு. க்யூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. நூல்போல மெல்லிய இந்தப் புழு நிணநீர்க் குழாய்களுக்குள்ளேயே வாழ்கிறது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தன் ஆயுளில் லட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று ரத்தத்தில் விடும். அந்த நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கி, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலுக்கு அருகே வரும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் ரத்தம் எடுக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். விழுங்கணுவுக்குள் ஒளிந்துகொள்ள லீஷ்மேனியாவால் முடியும். அது அவ்வளவு சிறியது. விரல் நீளப் புழு எங்கே ஒளியும்? அதுவும் நெறி கட்டும் முடிச்சுகளுக்குப் போகும் அதே குழாயில்! ஆனாலும் அது 5, 6 ஆண்டுகள் அங்கே வாழ்கிறது. ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைந்திருக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

ஆய்வாளர்கள் அவர்களின் டி செல்களை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். வேறு கிருமிகளின் புரதத்தைக் காட்டினால் செல்கள் பெருகின. புழுவின் புரதத்தைக் காட்டினால் பெருகவில்லை. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த நோயாளிகளின் செல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்தது இதுதான்: இவர்கள் உடம்பில் "போதும், நிறுத்து" என்று சொல்லும் இன்டர்லூக்கின்-10 என்ற சைட்டோகைன் கூடுதலாக இருக்கிறது. கட்டுப்படுத்தும் டி செல்களும் சுறுசுறுப்பாக இருக்கின்றன. வேலை முடியும் முன்பே வேலை நிறுத்தம்!

எலியின் குடலில் வாழும் வேறொரு புழு இதை எப்படிச் செய்கிறது என்று 2017-இல் ரிக் மைசல்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன், சாதாரண டி செல்லை, கட்டுப்படுத்தும் டி செல்லாக மாற்றும். அந்தப் புழு டிஜிஎம் என்று ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இரண்டுக்கும் உருவத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் புழுவின் புரதம் அதே ஏற்பியில் பொருந்தி, அதே சேதியைச் சொல்கிறது. செல்லால் வித்தியாசம் காண முடிவதில்லை.

புழுக்களால் இப்படி அடங்கிப்போகும் உடம்பில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ரத்தக் குழாய்களில் வாழும் ஒரு வகைத் தட்டைப்புழு தொற்றிய பள்ளிக் குழந்தைகளுக்கு, வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைத் தடிப்பு குறைவாக இருந்ததை 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. புழுவுக்கு மருந்து கொடுத்தபின் அந்தத் தடிப்பு கூடியது.

"அப்போ புழு நல்லதா?" என்று கேட்டுவிடாதீர்கள்! நிணநீர்க் குழாயில் புழு குடியிருந்தால் குழாய் கெட்டு, ஆண்டுகள் கழித்து கால் யானைக்காலாக வீங்கலாம். குடலில் வாழும் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக் குழந்தையைச் சோகை பிடிக்க வைக்கும். எக்வடோர் நாட்டில், வயிற்றில் உருண்டைப் புழு இருந்த குழந்தைகளுக்குப் புழு மருந்து கொடுத்துவிட்டுக் காலராத் தடுப்பு மருந்து கொடுத்தபோது அது நன்றாக வேலை செய்தது. புழு இருந்தால் நல்ல தடுப்பு மருந்தின் பலன்கூடக் குறைகிறது என்பதுதானே இதன் பொருள்? பிப்ரவரி 10-ஆம் தேதி பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது ஒளிந்துகொள்ளாமல் வாங்கி மென்று விழுங்குங்கள். யானைக்கால் நோயை இப்படி மாத்திரைகளாலும் கொசு ஒழிப்பாலும் கட்டுப்படுத்திய இலங்கை, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

நமக்கு வேண்டியது புழுவல்ல. அது சுரக்கும் டிஜிஎம் போன்ற புரதத்திடமிருந்துதான் நாம் கற்க வேண்டும். மனிதர்களில் சிலருக்கு அவர்களின் நோய் எதிர்ப்புச் செல்களே சொந்தக் குடலையோ மூட்டுகளையோ தாக்குகின்றன. அவர்களுக்குத் தேவை, "போதும்" என்று தெளிவாகச் சொல்லும் ஒரு மருந்து. எலிகளின் குடல் அழற்சியை டிஜிஎம் புரதம் தணிப்பதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

கிருமிக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது?

வைரஸுக்கு மூளை கிடையாது. புழுவும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. கிருமிகள் பெருகும்போது அவற்றின் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் தற்செயலாக வரும். பெரும்பாலான மாற்றங்களால் பயனில்லை. எப்போதோ ஒரு மாற்றம், நம் செல்களின் ஏதோ ஒரு சேதியைக் கொஞ்சம் மாற்ற உதவும். அந்தக் கிருமி பிழைத்துச் சந்ததியைப் பெருக்கும், மற்றவை அழியும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்தால், செல்களின் பேச்சில் துல்லியமாகக் குறுக்கிடும் கிருமிகளே மிஞ்சும்.

நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. நம்மிடம் ஆராய்ச்சி இருக்கிறது. நம் செல்கள் பலவீனமானவை என்பதால் இந்தக் கிருமிகள் ஜெயிக்கவில்லை. செல்கள் சொல்வதையும் கேட்பதையும் மாற்றுவதால் ஜெயிக்கின்றன. ஒரு கிருமி எந்தச் சேதியை மாற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதைச் சரிசெய்ய வழியும் கிடைத்துவிடுகிறது. விழுங்கணு விழுங்கும் என்று தெரிந்ததால் கொழுப்புக் குமிழி மருந்து வந்தது. புழு பேசும் விதம் தெரிந்ததால் ஒரு புதிய மருந்துக்கான தேடல் நடக்கிறது. தட்டம்மை எதை அழிக்கிறது என்று தெரிந்ததால், ஒரு தடுப்பூசி எத்தனை நோய்களிலிருந்து காக்கிறது என்பதும் தெரிந்தது.

நீங்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் உங்கள் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒரு தடவை, 16 முதல் 24 மாதங்களுக்குள் இன்னொரு தடவை போடப்பட்டிருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் இந்தத் தடுப்பூசிக்கான பெரிய முகாம் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. உங்கள் அண்ணனோ அக்காவோ அப்போது பள்ளியில் போட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் அட்டையிலோ, தம்பி தங்கையின் அட்டையிலோ இரண்டு தவணைகளில் ஒன்று விடுபட்டிருந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தால், விடுபட்டதை எப்போது போடலாம் என்று அவர் சொல்வார். அந்த ஊசி இலவசம்.